நலம் கேளுங்கள்: ராத்திரி போனும் மேனேஜரின் தூக்கமும்

கேள்வி: சேலம் பக்கம் ஒரு நூற்பாலையில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். மூன்று ஷிஃப்ட். ராத்திரியில் இரண்டு முறையாவது போன் வரும். வராத ராத்திரியிலும் முழிப்புத் தட்டிவிடுகிறது. நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது, வீட்டில் எரிந்து விழுகிறேன். வேலையை விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: நெஞ்சடைப்பை டென்ஷன் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். நாளைக்கே இ.சி.ஜி. எடுங்கள், கூடவே பிரஷர், சர்க்கரை, தைராய்டு பாருங்கள். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால் நாளை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேலையை விடும் முடிவைத் தூக்கம் திரும்பும்வரை தள்ளிவையுங்கள். வேலையில் இப்படி ஓய்ந்துபோவதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோயாக வகைப்படுத்தவில்லை. சமாளிக்கப்படாத பணி அழுத்தத்தால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. அதனால்தான் யோகா வகுப்புக்கு முன்னால் அந்த போனைக் கவனிக்கச் சொல்கிறோம்.

தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு வாரம் ஒவ்வொரு அழைப்பையும் எழுதுங்கள்: '2.10, ரிங் ஃபிரேம் மோட்டார் டிரிப், எலக்ட்ரீஷியன் ஷிஃப்டில் இருந்தார்.' வார முடிவில் புரட்டினால், உங்கள் உதவி தேவைப்பட்டவை எவை, வெறும் அனுமதிக்காக வந்தவை எவை என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கங்களோடு முதலாளியைப் பாருங்கள். ராத்திரி எழுப்ப மூன்றே காரணங்கள் போதும்: ஆளுக்கு அடி, தீ, ஒரு டிபார்ட்மென்ட் முழுக்க நின்றுபோவது. மற்றதை ஷிஃப்ட் சூப்பர்வைசர் முடிவுசெய்யட்டும். அவர் கேட்காமல் எவ்வளவு செலவு செய்யலாம் என்ற தொகையும் முதலாளி கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். ராத்திரி போனை உங்களிடமும் ஸ்பின்னிங் மாஸ்டரிடமும் வாரம் மாற்றி வாரம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் காலையில்தான். 'யாரைக் கேட்டுப் பண்ணினே?' என்று சூப்பர்வைசரை நாலு பேர் முன்னால் ஒரு தடவை கேட்டால் போதும், அன்று ராத்திரியே போன் அடிக்கும். அவர் முடிவு தப்பாக இருந்தால் ஷிஃப்ட் மாறும்போது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கடைசி டீ மதியம் 3 மணிக்குள். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் சேலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். தேறியதும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பி எஸ்டேட் மேனேஜர் பழம் பறிப்பு ஆரம்பித்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. 'நான் இல்லைன்னாலும் எஸ்டேட் நடக்கும்' என்கிறார். எப்படிக் கேட்பது?
- எஸ்டேட் உரிமையாளர்

பதில்: இன்றைக்கே கேளுங்கள். ஆட்கள் முன்னால் வேண்டாம், கணக்கு பார்க்கும் நேரத்திலும் வேண்டாம். 'ரெண்டு வாரமா நீங்க சரியா சாப்பிடறதில்லை, தூக்கம் எப்படி இருக்கு?' என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லி ஆரம்பியுங்கள். பிறகு 'உயிரை விட்டுடலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. 'ஆமாம்' என்றால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அவர் பக்கத்தில் இருந்தே அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். வீட்டாருக்குச் சொல்லி, அன்றே கூட்டிக்கொண்டு மலையிறங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். பூச்சிமருந்து வைக்கும் ரூம் சாவி அவரிடம்தான் இருக்கும். ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று சொல்லியாவது அதை உங்கள் கைக்கு வாங்கிவிடுங்கள்.