அப்பாவின் புல்லட்: ஃபிரேம் துருவை எப்படி எடுப்பது?

கேள்வி: அப்பா 1982-இல் வாங்கிய புல்லட் 350. நாகப்பட்டினத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் பதினைந்து வருஷம் கிடந்தது. இப்போது மொத்தமாகக் கழற்றிவிட்டேன், வெறும் ஃபிரேம்தான் மிச்சம், முழுக்கத் துரு. ஒரு மெக்கானிக் ஆசிட்டில் ஊறப்போடச் சொல்கிறார், இன்னொருவர் சாண்ட் பிளாஸ்ட் பண்ணி, அதாவது காற்றழுத்தத்தில் மணல் போன்ற துகளை அடித்துத் துருவை எடுத்து, பவுடர் கோட்டிங் அடிக்கச் சொல்கிறார், தம்பி கம்பி பிரஷ் போதும் என்கிறான். எதைக் கேட்பது?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மூன்று பேர் சொல்வதையும் இரண்டு நாள் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு ஃபிரேம் பக்கத்தில் உட்கார்ந்து, குழாய் நெடுக மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே அரித்துப்போன இடம் மொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் அது துரு எடுக்கிற வேலை இல்லை, வெட்டி மாற்றுகிற வேலை. பேட்டரி பெட்டிக்கு அடியிலும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சேரும் இடத்திலும், வெல்டிங் மூலைகளிலும் இரண்டு தடவை பாருங்கள். பேட்டரி ஆசிட் வழிந்த தடம் தெரிந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அப்புறம் தட்டுங்கள்.

உங்கள் ஊரில் கடல் காற்று என்பதால் இன்னொன்றும் உண்டு. உப்பு துருவின் குழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அது அங்கே இருக்கிற வரைக்கும் மேலே என்ன பெயின்ட் அடித்தாலும் அடியில் மறுபடி துரு கிளம்பும். அதனால் முதல் வேலை நல்ல தண்ணீர் வைத்து அழுத்தமாகக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைப்பது.

ஆசிட் வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடையில் கிடைக்கிற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் துருவைச் சீக்கிரம் கரைக்கும், சரி, ஆனால் குழாய்க்குள் புகுந்தால் முழுசாகக் கழுவி எடுக்க முடியாது. மிச்சம் நிற்கும் குளோரைடு, கடல் உப்பு செய்கிற அதே வேலையைத்தான் உள்ளே இருந்து செய்யும். கம்பி பிரஷ்ஷும் தனியாகப் போதாது, மேலே இருக்கிற துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, குழிக்குள் இருப்பதை அப்படியே விட்டுவிடும்.

ஆக, பிளாஸ்டிங்தான். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் போல்ட் மரைகளில் பழைய போல்ட்டைத் திருகி, ஸ்டீயரிங் கப் உட்காரும் இடத்தையும் ஸ்விங் ஆர்ம் புஷ் இடத்தையும் ரப்பர் வைத்து அடைத்துவிடுங்கள். சேஸிஸ் நம்பர் மேல் தடித்த டேப் நாலைந்து சுற்று சுற்றி, அங்கே அடிக்கவே கூடாது என்று பட்டறைக்காரரிடம் நேரில் சொல்லுங்கள். அந்த நம்பர் மங்கினால் ஆர்டிஓ ஆபீஸில் பென்சில் பிரிண்ட் எடுக்க முடியாது, அப்புறம் அப்பாவின் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுவது பெரும்பாடு. அந்த இடத்தை மட்டும் துரு நீக்கும் பாஸ்பாரிக் ஆசிட் திரவத்தைத் துணியில் தொட்டு, கையால் துடைத்து எடுங்கள். உலர்ந்த ஆற்று மணலில் பிளாஸ்ட் செய்கிற பட்டறை வேண்டாம், அந்தத் தூசி வேலை செய்கிறவரின் நுரையீரலைத் தின்றுவிடும். மணலுக்குப் பதில் காப்பர் ஸ்லாகோ (தாமிரக் கசடுத் துகள்) கார்னெட்டோ (ஒரு கனிமத் துகள்) பயன்படுத்துகிற இடமாகத் தேடுங்கள்.

பிளாஸ்ட் ஆன இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள், ராத்திரி வைத்து மறுநாள் பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் ஊர் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே செம்மண் பூத்ததுபோல் ஆகிவிடும். அன்றைக்கே எபாக்ஸி ப்ரைமர், அதாவது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, ஏற வேண்டும்.

பவுடர் கோட்டிங்கா பெயின்ட்டா? பெயின்ட் பொடியைத் தூவி 180, 200 டிகிரி சூட்டில் வேக வைக்கிற பவுடர் கோட்டிங் கெட்டிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் கல் பட்டுப் பெயர்ந்தால் அதற்கடியில் துரு சத்தமில்லாமல் ஓடும், ஒரு நாள் தோல் உரிவதுபோல் உரிந்து வரும்போதுதான் தெரியும். என் பழைய வண்டிக்கு நடந்தது இதுதான், ஒரு பட்டறையில் குழிகளைப் பட்டி போட்டு மறைத்து மேலே பவுடர் ஏற்றிக் கொடுத்தார்கள், இரண்டாவது மழைக்காலத்தில் பட்டியோடு சேர்ந்து பவுடரும் பெயர்ந்து கையில் வந்தது. கடலோரத்தில் எபாக்ஸி ப்ரைமர் மேல் 2கே பியூ பெயின்ட்தான் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் பெயின்ட்) என் தேர்வு, கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டு நீங்களே சரிசெய்யலாம். எர்த் வயர் உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ட் வேண்டாம்.

கடைசியாகக் குழாய்க்குள். பிளாஸ்டிங் அங்கே எட்டாது. ஃபிரேமைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி உள்ளே இருக்கும் செதிலையும் பிளாஸ்ட் துகளையும் கொட்டுங்கள், கம்ப்ரெஸர் காற்று அடியுங்கள், பெயின்ட் முழுக்கக் காய்ந்த பிறகு கேவிட்டி வாக்ஸை (குழாய்க்குள் துரு வராமல் காக்கும் மெழுகு) நீளக் குழாய் வைத்து எல்லாத் துளை வழியாகவும் அடித்து, ஃபிரேமைத் திருப்பித் திருப்பிப் போடுங்கள். தண்ணீர் வடியும் துளை எதையும் அடைத்துவிடாதீர்கள்.

ஸ்க்ரூடிரைவர் எங்காவது உள்ளே போயிருந்தால், மேலே தகடு வைத்து ஒட்டுப்போட விடாதீர்கள். அந்தத் துண்டை வெட்டி, அதே கனமுள்ள குழாயை உள்ளே ஸ்லீவ் கொடுத்து வெல்ட் செய்யத் தெரிந்தவரிடம், ஃபிரேம் கோணாமல் பிடிக்கும் ஜிக்கில் ஏற்றி அளவு பார்க்கிறவரிடம் மட்டும் கொடுங்கள், பிளாஸ்டிங் முடிந்த பிறகு, ப்ரைமருக்கு முன்னால். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காமல் ஃபிரேம் காத்திருந்தாலும் பரவாயில்லை.