டி.சி. வாங்கச் சொன்னால் என்ன செய்வது? மாற்றுத்திறன் குழந்தைகளின் பள்ளி உரிமை: கேள்வி பதில்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அம்மா. தேவைக்காகச் சட்டம் படித்தேன்; இப்போது மற்ற பெற்றோருக்குக் கடிதம் எழுத உதவுகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அக்கா, மகள் மூன்றாம் வகுப்பு. ஆட்டிசம். "எங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறது தனியார் பள்ளி.

முதலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். டி.சி. கேட்டு நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், பெற்றோர் விரும்பித்தான் போனார்கள் என்று ஆகிவிடும். என் மகனின் முதல் பள்ளியில் நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16: எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. அதிலும் பிரிவு 16தான். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், குழந்தையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது.

அப்புறம், தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி, அதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சொல்லுங்கள். "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. முன்வரிசையில் இடம், சத்தம் தாங்காதபோது ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதி, நாளின் பாடவேளைகள் படமாக மேசையில். இப்படிக் கேளுங்கள். நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் "போ" என்றவர்கள் அதையே எழுதித் தரத் தயங்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இல்லாமல் சேர்க்க முடியாதாமே?

சேர்க்கைக்கு அந்த அட்டையைச் சட்டம் நிபந்தனையாக வைக்கவில்லை. ஆனாலும் விண்ணப்பித்து விடுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை (2016 சட்டம், பிரிவு 31).

மகனுக்கு எழுதுவதில் சிரமம். சான்றிதழில் 40-க்குக் கீழே. தேர்வுச் சலுகை கிடையாதா?

கிடையாது என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். கை எழுத்துச் சிரமம் உள்ள ஒரு தேர்வரின் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், சொல்வதை எழுதுபவர் வசதிக்கு 40 சதவீதத்தைக் கட்டாயமாக்க முடியாது என்றது. கூடுதல் நேரம், எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு எல்லாம் 2016 சட்டத்தின் பிரிவு 17-இல் வருகின்றன. வாரியத்துக்கு வாரியம் விதி மாறும். ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டு வையுங்கள்; பத்தாம் வகுப்பு பாதியில் ஓடினால் காகிதம் சேராது.

பள்ளி பதிலே தரவில்லை. அடுத்து?

மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுங்கள். விசாரணையில் ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. 2016 சட்டத்தை மீறியதற்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை (பிரிவு 89). மனுவோடு, பள்ளி முத்திரையிட்ட கடித நகலையோ தபால் ரசீதையோ இணையுங்கள்.

புகார் கொடுத்தால் கோபத்தைப் பிள்ளைமேல் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது, அக்கா.

எனக்கும் இருந்தது. இந்தப் பயத்தால்தான் நம்மில் பலர் பேசாமல் இருக்கிறோம். தனியாகப் போகாதீர்கள், இன்னொரு பெற்றோரை அழைத்துப் போங்கள். வகுப்பாசிரியரை எதிராளி ஆக்காதீர்கள். அவருக்குப் பெரும்பாலும் பயிற்சியே கொடுத்திருக்க மாட்டார்கள். அவருக்கு உதவிக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். நான் அதைச் சேர்த்த பிறகுதான் என் மகனின் டீச்சர் முதல்முறையாக அவராகவே எனக்குப் போன் செய்தார்.