முன் பெஞ்சில் இருந்தும் சொல்வதெழுதலில் தடுமாறும் மாணவி

காதுகேள் கருவி அணிந்த உங்கள் மாணவி முன் பெஞ்சில் இருந்தும் சொல்வதெழுதலில் தடுமாறுகிறாள் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவளை விசிறிக்குக் கீழிருந்து நகர்த்துங்கள் டீச்சர். கரும்பலகையைப் பார்த்தபடி வாக்கியம் சொல்வதையும் விட்டுவிடுங்கள். முன் பெஞ்ச் மட்டும் போதாது.

பெரும்பாலும் இரைச்சல்தான் காரணம். காதுகேள் கருவி உங்கள் குரலோடு விசிறிச் சத்தம், பெஞ்ச் இழுக்கும் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்கும். ஓரிரு மீட்டர் தள்ளிப் போனாலே குரல் அதில் அமுங்கிவிடும்.

கருவியோடு அவளுக்குப் பேச்சொலிகள் கேட்கின்றனவா என்று அறிய, லிங் சோதனை என்ற ஆறு ஒலிச் சோதனையைச் செய்து பாருங்கள். வாய் தெரியாதபடி அவளுக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் ஒலிகளை வரிசை மாற்றிச் சொல்லுங்கள், அவள் திருப்பிச் சொல்லட்டும். வகுப்புக்கு முன்னால் வேண்டாம், கூச்சப்படுவாள்.

எதுவுமே கேட்கவில்லை என்றால் பேட்டரியையும், காதச்சில் (கருவியின் காதுக்குள் பொருந்தும் பகுதி) காது மெழுகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஷ், ஸ் மட்டும் தவறினால் பெற்றோரிடம் சொல்லி ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) அனுப்புங்கள். ஒலியளவை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.