நீதிபதிக்கு உதவியாளராக மகள் போகலாமா? மஸ்கெலியாவிலிருந்து எழுதிய ஒரு தந்தைக்கு

வணக்கம் அண்ணே,

உங்கள் கடிதம் கிடைத்தது. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகள், "ஜட்ஜுக்கு உதவியாளராகத்தான் போவேன்" என்று பிடிவாதமாக நிற்கிறாள். அப்படி ஒரு வேலை இருக்கிறதா, கள்ளனும் பொலிசும் வந்து போகிற இடத்தில் பொம்பளைப் பிள்ளை வேலை செய்யலாமா, யாரைப் பிடித்தால் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாரையும் பிடிக்க வேண்டாம். "நீதிமன்றத்தில் வேலை எடுத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்டு யாராவது உங்கள் தோட்டத்து லயத்துப் பக்கம் வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நீதிமன்றப் பதிவாளர்கள், எழுதுவினைஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சுருக்கெழுத்தாளர்கள், தட்டச்சாளர்கள் ஆகியோரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது. அந்த ஆணைக்குழுவின் தீர்மானத்தில் செல்வாக்குச் செலுத்த முயல்வதே குற்றம் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதனால் காசு வாங்குகிறவர் உங்களை ஏமாற்றுகிறார், இல்லாவிட்டால் குற்றத்தில் கூட்டுச் சேர்க்கிறார். இரண்டும் நமக்கு வேண்டாம்.

அடுத்தது, அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்பது. மகள் எனக்கு அனுப்பிய யூடியூப் காணொளியைப் பார்த்தேன். அது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆட்சேர்ப்பு பற்றியது. அங்கே நீதிபதிகளுக்குத் தனி உதவியாளர் என்றே பதவி உண்டு, பரீட்சையும் உண்டு. அது இந்தியாவில். அமெரிக்காவில் கதை வேறு: சட்டம் படித்து முடித்தவர்கள் ஓரிரு வருடம் நீதிபதியிடம் ஆய்வு வேலை செய்வார்கள், அலுவலக வேலைக்கு இன்னொருவர் இருப்பார். நம் நாட்டில் நீதிபதிக்கென்று பிரத்தியேகச் செயலாளர், சுருக்கெழுத்தாளர் என்று ஆட்கள் இருப்பது பெரும்பாலும் கொழும்பு புதுக்கடையில், உயர் நீதிமன்றத்திலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும்தான். அங்கே வேலை கிட்டத்தட்ட முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும்.

ஹட்டன், நுவரெலியா, வலப்பனை, பதுளை, பண்டாரவளை போன்ற நம் பக்கத்து நீதிமன்றங்களில் மகள் கனவு காண்கிற வேலையைப் பல பேர் பிரித்துச் செய்கிறார்கள். நீதிபதி சொல்வதை எழுதுவது சுருக்கெழுத்தாளர். வழக்கேட்டைக் காப்பது எழுதுவினைஞர். சாட்சி சொல்வதை நீதிபதிக்குக் கொண்டு சேர்ப்பது மொழிபெயர்ப்பாளர். பழக்கத்தில் அவரை இன்னும் முதலியார் என்றுதான் அழைக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மேலே பதிவாளர். நீதிபதியைச் சில வருடங்களில் இடம் மாற்றிவிடுவார்கள், அடுத்தவர் வருவார், அவருடைய பழக்கம் வேறாக இருக்கும். ஆகவே "ஒரு நீதிபதியிடம் வேலை" என்ற எண்ணத்தை மகள் விட்டுவிட்டு, நீதிமன்றத்தில் வேலை என்று யோசிக்கட்டும். அப்படி யோசித்தால் வழி பல மடங்கு அகலமாகும்.

வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயமும் அவள் ஆசையும் இரண்டுமே சினிமாவில் இருந்து வந்தவை.

நீதிபதி ஆசனத்துக்கு வருமுன் அன்றைய வழக்குப் பட்டியலில் உள்ள ஏடுகள் எல்லாம் வரிசைப்படி மேசைக்கு வந்திருக்க வேண்டும். போன தவணையில் என்ன கட்டளை போட்டார், அழைப்பாணை போய்ச் சேர்ந்ததா, மருத்துவ அறிக்கை வந்துவிட்டதா என்று ஒவ்வொரு ஏட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கடதாசி தவறான கோப்பில் செருகப்பட்டிருந்தால், காலை முதல் பஸ் பிடித்து வந்த ஒரு குடும்பம் தவணை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். அந்தக் குடும்பத்துக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போயிற்று.

நம் ஆட்களின் வழக்குகளில் இன்னொரு தொல்லை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் முத்துக்கருப்பன், அடையாள அட்டையில் முத்துகருப்பன், ஊழியர் சேமலாப நிதி அட்டையில் வெறும் கருப்பன். சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தொழில் நியாய சபையில் ஒரு தொழிலாளி நிற்கும்போது, மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று காட்டவே ஒரு தவணை போய்விடும். இதை ஏட்டைப் பார்த்ததுமே கண்டுபிடித்துப் பதிவாளரின் கவனத்துக்குக் கொண்டுவரக்கூடிய எழுதுவினைஞர் ஒருவர் இருந்தால் எவ்வளவு உதவி! தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது கண்ணில் படும். "அரைப்பேர் போட்டுட்டாங்க" என்று ஒரு அம்மா சாட்சிக் கூண்டில் நின்று சொன்னால், அரை நாள் சம்பளம் போனதைத்தான் சொல்கிறார் என்று உங்கள் மகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது: சிங்களம். பேச்சுச் சிங்களம் இல்லை, எழுத்துச் சிங்களம். வடக்கு கிழக்குக்கு வெளியே மாவட்ட, நீதவான் நீதிமன்றங்களில் பதிவு மொழி சிங்களம்தான். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டிருந்தாலும், பொலிஸ் தன் விசாரணை பற்றி நீதவானுக்குத் தாக்கல் செய்யும் பீ அறிக்கை பெரும்பாலும் சிங்களத்தில்தான் வரும். அதே நேரம், நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்பு கிடைக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிற உரிமை. அந்த உரிமையைத் தினமும் நடைமுறையில் கொடுக்கிறவர் மொழிபெயர்ப்பாளர். இரண்டு மொழியும் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் மலையகத்தில் போதாது. வேலை தேடுகிற நம் பிள்ளைகள் ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் கொட்டுகிற பணத்தில் கால்வாசியைச் சிங்களத்துக்குச் செலவழித்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். சிலருக்கு இது பிடிக்காது. பரவாயில்லை.

மகள் சந்தையில் சிங்களம் பேசுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அது நல்ல தொடக்கம். இனி தினமும் லங்காதீபவிலோ தினமினவிலோ ஒரு நீதிமன்றச் செய்தியை எடுத்துத் தமிழில் எழுதட்டும். மறுநாள் மூலத்தைப் பார்க்காமல் அதைத் திரும்பச் சிங்களத்துக்குக் கொண்டுபோகட்டும். எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் பாடம். அரசகரும மொழிகள் திணைக்களம் சொற்தொகுதிகள் வெளியிட்டிருக்கிறது, மொழித் தேர்ச்சிப் பரீட்சைகளும் நடத்துகிறது. அரச வேலைக்குப் போகிற எல்லோரும் இரண்டாவது அரசகரும மொழியில் ஒரு நாள் தேர்ச்சி காட்டத்தான் வேண்டும். முன்கூட்டியே முடித்து வைத்தால் நேர்முகத்தில் பேசுவதற்கும் ஒன்று கையில் இருக்கும்.

தட்டச்சையும் கவனிக்கச் சொல்லுங்கள். கைபேசியில் இரண்டு பெருவிரலால் வேகமாக அடிப்பது தட்டச்சு ஆகாது. சிங்களத்துக்கு விஜேசேகர விசைப்பலகை, தமிழுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை, இரண்டையும் பார்க்காமல் அடிக்கப் பழக வேண்டும். பாமினி எழுத்துருவில் மட்டும் பழகியவர்கள் ஒருங்குறிக்கு (யூனிகோட்) வரும்போது திண்டாடுகிறார்கள், அதனால் ஆரம்பத்திலேயே ஒருங்குறியில் தொடங்கட்டும்.

இனி உங்கள் பயம். நீதிமன்றம் ஆபத்தான இடம் இல்லை அண்ணே. சந்தேகநபர்களைச் சிறைச்சாலை உத்தியோகத்தர்களும் பொலிசும் பார்த்துக்கொள்வார்கள், அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு அவர்களோடு சோலி இல்லை. நம் பக்கத்து நீதிமன்றங்களில் பெண்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், நீதவான்களாகவே பெண்கள் இருக்கிறார்கள். உண்மையான கஷ்டம் வேறு பக்கத்தில் இருந்து வரும், அது உங்கள் லயத்து வாசலுக்கே வரும். "நம்ம பிள்ளை கோர்ட்டுல இருக்குதானே, நாளைக்கு என்ன தீர்ப்புன்னு கேட்டுச் சொல்லேன்" என்று சொந்தக்காரர் ஒருவர் வருவார். இன்னொருவர் கோழி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். தீர்ப்பு திறந்த மன்றத்தில் வாசிக்கப்படுமுன் அதைத் தட்டச்சு செய்தவருக்குத் தெரியும், ஆனால் வீட்டில் கூட வாய் திறக்கக் கூடாது. கோழியை வாங்கினால் இலஞ்சம், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வரை போகும் விஷயம். அந்த நேரத்தில் மகளுக்காக "அவளிடம் கேட்காதீர்கள்" என்று சொல்லி அனுப்ப வேண்டியவர் நீங்களும் அண்ணியும்தான். அதற்கு உங்களால் முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். மகளைப் பற்றி எனக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை.

இடமாற்றமும் வரும். ஹட்டனிலேயே இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், வலப்பனைக்கோ கண்டிக்கோ போட்டால் போகத்தான் வேண்டும்.

ஆட்சேர்ப்பு அறிவித்தல் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும், தமிழிலும் வரும். வயது எல்லை, சாதாரண தர, உயர்தரத் தகைமை எல்லாம் பதவிக்குப் பதவி வேறுபடும், அறிவித்தலைத்தான் நம்ப வேண்டும், பேஸ்புக் பதிவை அல்ல. அறிவித்தல் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு மட்டும் இருக்கக் கூடாது. அதுவரை ஹட்டன் நகரத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுநராகச் சேரட்டும். சம்பளம் குறைவுதான். ஆனால் முறைப்பாடு, மறுமொழி, சத்தியக்கடதாசி என்றால் என்ன, எதை எந்த நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அங்கே கைப்பழக்கமாக வந்துவிடும். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி இடம் கொடுத்தால் களனியிலோ யாழ்ப்பாணத்திலோ மொழிபெயர்ப்புக் கற்கைகளில் பட்டம் படிக்கலாம். பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகச் சொந்தமாகவே தொழில் செய்யும் வழியும் உண்டு. அப்புறம் சட்டம் படிக்க வேண்டும் என்று மனம் வந்தால், வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கலாம்.

ஒரு வேலை உங்களுக்கு. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு மகளோடு ஹட்டன் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். சில வழக்குகளைத் தவிர மற்றவை பகிரங்கமாகத்தான் நடக்கின்றன, யாரும் பார்க்கலாம். கைபேசியை அணைத்துவிடுங்கள், காலுக்கு மேல் கால் போட வேண்டாம். வழக்காளியையும் எதிராளியையும் பார்க்காமல், நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களையும் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மொழிபெயர்ப்பாளரையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மத்தியானம் வரை அந்த இருக்கையில் சலிப்பில்லாமல் இருந்தாளா என்று நீங்கள் அவள் முகத்தைக் கவனியுங்கள்.

அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் என்னிடம் அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள் மூன்றையும் கொண்டு வரட்டும். மூன்றிலும் அவள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடலாம், நேர்முகக் கடிதம் வந்த பிறகு அதற்கு நேரம் போதாது.