வலசையும் ஒட்டுண்ணியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வலசைப் பறவைகள் நெடுந்தொலைவு பறந்து நோய்களிடமிருந்து தப்புகின்றனவா, அல்லது போகுமிடமெல்லாம் புதிய ஒட்டுண்ணிகளைச் சேர்த்துக்கொள்கின்றனவா?

பதில்: இரண்டுமே நடக்கின்றன. எது மேலோங்கும் என்பது அந்தந்த ஒட்டுண்ணி எங்கே, எப்படிக் காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. உழவாரன் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஆப்பிரிக்கா செல்லும் இப்பறவை, ஆண்டில் பத்து மாதம் வரை தரையிறங்காமலே வானில் கழிக்கக்கூடியது. இதன் குருதியை உறிஞ்சும் ஒருவகை ஈக்கோ பறக்கும் திறனே இல்லை. ஆயினும் அது பறவையைப் பின்தொடர வேண்டியதில்லை. கூட்டுப்புழுவாகக் கூட்டிலேயே குளிர்காலத்தைக் கழித்து, பழைய கூட்டுக்கே உழவாரன் திரும்பிவரும் பருவத்தில் வெளிப்படுகிறது. ஒரே கூட்டை நாடிவரும் பறவைக்கு வலசை இந்த எதிரியிடமிருந்து விடுதலை தருவதில்லை.

கரைப்பறவைகளின் நிலை வேறு. ஆர்க்டிக் சமவெளியில் இனப்பெருக்கம் செய்து, உவர்நீர்க் கடற்கரைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் உள்ளான்களின் குருதியில் மலேரிய ஒட்டுண்ணிகளைக் காண்பது அரிது. நோய் பரப்பும் பூச்சிகள் கடலோரச் சேற்றுவெளிகளில் குறைவு என்பது இதற்கான விளக்கங்களுள் ஒன்று. ஒட்டுண்ணி குறைந்த இத்தகைய இடங்களைத் தேர்ந்த இனங்கள் நோயெதிர்ப்புக்குக் குறைவாகவே செலவிட்டு, அந்த ஆற்றலை வளர்ச்சிக்கும் நீண்ட பயணத்துக்கும் திருப்பியிருக்கலாம் என்று டச்சு உயிரியலாளர் தெயூனிஸ் பியர்ஸ்மா 1997இல் கருதினார். 2022இல் பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை சுமார் 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில் இடைநில்லாமல் கடந்ததை நினைக்கும்போது, உடலின் ஒவ்வொரு செலவும் அங்கே எவ்வளவு கறாராகக் கணக்கிடப்பட வேண்டும் என்பது புரிகிறது.

இரு கண்டங்களின் நோய்களை எதிர்கொள்ளும் பறவைக்கு நோயெதிர்ப்பு மரபணுக்களும் மிகுந்த வகைமையோடு இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் 2018இல் வெளியான ஓர் ஒப்பாய்வு இதற்கு மாறானதைக் காட்டியது. கிருமிகளை அடையாளம் காண உதவும் எம்.எச்.சி. மரபணுக்களின் வகைமை, ஆப்பிரிக்காவிலேயே நிலைத்து வாழும் பறவைகளிடம்தான் அதிகம். ஐரோப்பாவில் நிலைத்து வாழ்பவற்றிடமும், அங்கிருந்து ஆப்பிரிக்கா சென்று திரும்பும் வலசைப் பறவைகளிடமும் அது குறைவு. எதிர்க்கவேண்டிய கிருமிகள் குறைந்தால் இந்த வகைமையும் குறையலாம் என்பதால், குஞ்சு வளர்க்கும் கடினமான பருவத்தில் வெப்பமண்டலத்து ஒட்டுண்ணிகளின் நெருக்கடியிலிருந்து விலகியிருப்பது வலசையின் ஆதாயங்களுள் ஒன்று என இதைப் புரிந்துகொள்ளலாம். உணவையும் பகல்நேர நீளத்தையும் மட்டுமே காரணமாகச் சொல்லிவந்த பழைய விளக்கத்துக்கு இது மிகத் தேவையான திருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பறவை மலேரியா பறவையைக் கொன்றுவிடுமா? கொன்றால் ஒட்டுண்ணிக்கும் இழப்புத்தானே?

பதில்: பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. தொற்றின் தொடக்கத்தில் குருதியில் பெருகும் ஒட்டுண்ணி, பின்னர் மிகக் குறைந்த எண்ணிக்கையில் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. இனப்பெருக்கப் பருவம் நெருங்கும்போது பல பறவைகளில் அது மீண்டும் பெருகுகிறது. கொசுக்கள் மிகும் காலமும் ஏறத்தாழ அதுவே என்பதால், ஒட்டுண்ணியின் காலக்கணிப்பு வியக்கத்தக்கது.

வெளியே தெரியாத தொற்று தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து சுவீடனின் நாணல் ஏரிகளுக்குத் திரும்பும் பெரிய நாணல் கதிர்க்குருவிகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட முடிவு கவலைக்குரியது. நாட்பட்ட மலேரியா உள்ள குருவிகளில் குரோமோசோம் முனைகளைக் காக்கும் டெலோமியர்கள் விரைவாகக் குறுகுகின்றன. அவற்றின் ஆயுளும் வாழ்நாளில் ஈனும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் குறைகின்றன. பார்வைக்கு நலமாகத் தோன்றும் குருவி, அந்தக் கடனைச் சிறிது சிறிதாகத் தன் ஆயுளிலிருந்தே அடைத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: இறகுகளில் வாழும் சிற்றுண்ணிகள் எல்லாமே தீங்கானவையா?

பதில்: இல்லை. இறகுச் சிற்றுண்ணிகளில் பல, இறகின் மேல் படியும் எண்ணெய்ப் பொருளையும் பூஞ்சை, பாக்டீரியா முதலியவற்றையும் உண்டு வாழ்கின்றன. குருதி குடிக்கும் உண்ணிகளோடு இவற்றைச் சேர்த்து எண்ணுவது தவறு.

கேள்வி: வலசைப் பறவைகள் புதிய நாடுகளுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்பது உண்மையா?

பதில்: ஒட்டுண்ணியைச் சுமந்து செல்வது உண்மை, ஆனால் சுமந்து செல்வதால் மட்டும் அது அங்கே வேரூன்றிவிடாது. பரப்பும் பூச்சி, ஏற்ற வெப்பம், தொற்றத்தக்க உள்ளூர்ப் பறவை ஆகிய மூன்றும் அங்கே இருக்க வேண்டும். ஹவாய்த் தீவுகளுக்குப் பசிபிக் பொன்நிற உப்புக்கொத்தி போன்ற வலசைப் பறவைகள் மனிதர் குடியேறுவதற்கு முன்பிருந்தே வந்துபோயின. ஆனால் அங்கே கொசு இல்லாததால் மலேரியா பரவ வழியில்லாமல் இருந்தது. 1826இல் கப்பல் வழியாகக் கொசு வந்து சேர்ந்தது. பின்னர் பிளாஸ்மோடியம் ரெலிக்டம் என்னும் ஒட்டுண்ணியும் பரவியதால், எதிர்ப்புத்திறன் சிறிதும் இல்லாத உள்ளூர்த் தேன்குருவி இனங்கள் தாழ்நிலக் காடுகளிலிருந்து பெருமளவு மறைந்தன. சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே கொசுவின் உடலில் அந்த ஒட்டுண்ணி வளர முடியாது என்பதால், குளிர்ந்த மலையுச்சிக் காடுகளே எஞ்சியவற்றின் புகலிடமாயின. இப்போது வெப்பம் ஏற ஏற அப்புகலிடமும் சுருங்கிவருகிறது. வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவில் அங்குள்ள கொசுக்களிடம் இருப்பதிலிருந்து வேறுபட்ட வகையைத் தாங்கிய ஆண் கொசுக்களை, அவற்றோடு இணையும் பெண் கொசுக்கள் இடும் முட்டைகள் பொரியாமல் போவதற்காக, ஹவாயின் மாவி தீவுக் காடுகளில் 2023 முதல் விட்டுவருகிறார்கள்.