சிஓபிடி இளைப்பா, நுரையீரலில் ரத்தக்கட்டியா?

நெபுலைசர், ஸ்டீராய்டு கொடுத்து நாலு நாளாகியும் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் அடங்கவில்லை, காய்ச்சலோ சளியோ இல்லை, இடது கால் கனக்கிறது என்கிறீர்கள். இன்றே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். வழக்கமான சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இளைப்பு என்று விட்டுவிடக் கூடாது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

அந்தக் காலை நீவிவிடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்திலிருந்து 10 செ.மீ. இறக்கி இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் டாக்டரை அளக்கச் சொல்லுங்கள், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நிம்மதியடைய முடியாது. ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை அளவு தொற்றிலும் வயதிலும் கூடும், அதனால் கூடியிருப்பது மட்டும் போதாது. பெரும்பாலும் உறுதிசெய்வது நுரையீரல் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோதான். அதற்குப் படம் தெளிவாகத் தெரிய ஊசிமருந்து ஏற்றுவார்கள், அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள், ஆகவே அதைக் காட்டும் பழைய கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.