தோண்டித் துருவ வேண்டுமா?

கேள்வி: பெண்களின் பாலுணர்வைப் பற்றி மேல்நாட்டில் ஆராய்ச்சி மேல் ஆராய்ச்சி நடக்கிறது. இயற்கையாக நடப்பதை இப்படித் தோண்டித் துருவ வேண்டுமா?

பதில்: வேண்டும். தோண்டாமல் விட்டதால் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கிளிட்டோரிஸில் (யோனி வாயிலுக்கு மேலே மொட்டுப் போலத் தெரியும் இன்ப உறுப்பு) கிடைக்கும் இன்பம் சிறுமிப் பருவத்துக்கு உரியது, முதிர்ந்த பெண்ணுக்கு அது யோனிக்கு இடம் மாறிவிட வேண்டும் என்று 1905-ல் எழுதினார் உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்ட். உடலை ஆராய்ந்து கண்டதல்ல. அவராக வகுத்த கொள்கை. அது பல பத்தாண்டுகள் மருத்துவத்தில் கோலோச்சியது. அப்படி மாறாத பெண்களுக்கு 'உணர்ச்சியற்றவள்' என்று முத்திரை குத்தினார்கள்.

மாரி போனபார்ட்டை எண்ணிப் பாருங்கள். நெப்போலியன் வம்சத்துப் பெண், கிரேக்க இளவரசரின் மனைவி, பின்னாளில் ஃபிராய்டின் சீடர். உடலுறவின்போதே உச்சம் வர வேண்டும், தனக்கு வரவில்லையே என்ற தவிப்பு அவருக்கு. 243 பெண்களின் உறுப்பளவுகளை வைத்து 1924-ல் புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிளிட்டோரிஸ் யோனிக்குத் தொலைவில் இருப்பதுதான் கோளாறு என்பது அவர் முடிவு. அப்புறம் தன் உடம்பிலேயே அதை இடம் மாற்றி அறுவை செய்துகொண்டார். பலனில்லை. மறுபடியும் செய்துகொண்டார். அவ்வளவு படித்த, வசதியான பெண்ணுக்கே இந்தக் கதி!

எந்த வழியில் தூண்டினாலும் உச்சத்தின்போது உடலில் நடப்பது ஒன்றுதான் என்று அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் ஆய்வுக்கூடத்தில் பார்த்துச் சொன்னது 1966-ல். கிளிட்டோரிஸின் பெரும்பகுதி வெளியே தெரியாமல் உள்ளே பரவியிருக்கிறது, பாடப்புத்தகப் படங்கள் தப்பு என்று ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓகானல் எழுதியது 1998-ல்! ஆணுக்குப் புராஸ்டேட்டை அகற்றும்போது விறைப்பு நரம்பைக் காப்பாற்றும் வித்தையோ 1980-களிலேயே வந்துவிட்டது.

ஆராய்ச்சி என்ற பெயரில் நடப்பதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. ஆசை குறைவதை நோயாக்கி மருந்து விற்கப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியோனோர் டீஃபர் போன்றவர்கள் போராடுவதில் நியாயம் இருக்கிறது. பெண்களின் ஆசையைக் கூட்டுவதற்கென்று வந்து, இரண்டு முறை நிராகரிக்கப்பட்ட ஃபிளிபான்செரின் மாத்திரைக்கு 2015-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. பலன் சொற்பம், மதுவோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். அந்த மது ஆபத்தை அறிய நடத்திய சோதனையில் கலந்துகொண்டவர்கள் 25 பேர். பெண்களுக்கான மாத்திரை அது. ஆனால் அவர்களில் 23 பேர் ஆண்கள்.